ராஜபாளையம் குட்டிக்குப் பச்சைக் கறி கொடுக்கலாமா? வீட்டில் தயாரிக்கிறவங்க சொல்லுங்க

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுறேன். போன மாசம் ஒரு ராஜபாளையம் குட்டி வீட்டுக்கு வந்திருக்கான். பேரு முத்து. நாலு மாசம் முடியப் போகுது, எடை 11 கிலோ. சுத்த வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, காலெல்லாம் குதிரைக்குட்டி மாதிரி நீளமா வளருது. குட்டி கொடுத்தவர் பாலும் சோறும் போதும்னு சொன்னார். பால் ஊத்தினா வயிறு கலங்குது. பாக்கெட் தீனியை மோந்து பார்த்துட்டுப் போயிடுறான்.

ஒரு வாரமா பச்சைக் கறி வீடியோவா பார்த்துட்டிருக்கேன். 'பார்ஃப்'னு சொல்றாங்க. நாய் ஓநாய் வம்சம், வேகவச்ச சாப்பாடு அதுக்குப் பழக்கமே இல்லைன்னு சொல்றாங்க. எங்க தெரு கோழிக்கடை பாய் தலை, கால், கழுத்து, தோல் எல்லாம் சேர்த்து நாய்க்குன்னே ஒரு கவர் கட்டி வைக்கிறார். ஆட்டுக்கறிக் கடையில நுரையீரல், ஈரல் துண்டு கிடைக்கும். தினமும் அதையே போட்டா போதுமா? எலும்பு இல்லாத கறி மட்டும் போட்டா பாதுகாப்பா இருக்கும்னு மனைவி சொல்றா.

வீட்ல அம்மாவுக்கு 68 வயசு. மகளுக்கு 3 வயசு. அவ முத்துவோட தட்டுலயே கை வைக்கிறா. இதையும் மனசுல வச்சு பதில் சொல்லுங்க.


வேளச்சேரி_கன்னி எழுதியது:

வாங்க நண்பரே. எங்க வீட்டுக் கன்னி நாய்க்கு மூணு வருஷமா பச்சைக் கறிதான். இப்ப அவளுக்கு 20 கிலோ. எப்படிச் செய்யறேன்னு முழுசா எழுதறேன், ஏன்னா வீடியோல பாதிதான் காட்டுறாங்க.

வளர்ந்த நாய்க்கு உடம்பு எடைல 2 முதல் 3 சதவீதம் ஒரு நாளைக்கு. எங்களுக்கு 2.5 கணக்கு, அதாவது 500 கிராம். வாரத்துக்கு 3.5 கிலோ. அதுல சதை 80 பங்கு, எலும்பு 10, ஈரல் 5, மத்த உள்ளுறுப்பு 5. எலும்பை மட்டும் யாரும் தனியா நிறுத்துத் தர மாட்டாங்க, அதனால துண்டுக்குத் துண்டு எலும்பு எவ்வளவுன்னு தெரிஞ்சிருக்கணும். கோழிக் கழுத்துல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல எலும்பு. றெக்கையில கிட்டத்தட்ட பாதி. கால்ல பாதிக்கும் மேல. நான் வாரத்துக்கு 1 கிலோ கழுத்து வாங்கறேன், அதுலயே 350 கிராம் எலும்பு வந்துடும். ஈரல் 175 கிராம், சுவரொட்டியும் கிட்னியும் சேர்த்து 175 கிராம், மீதி 2 கிலோ சொச்சம் சதை.

ஞாயித்துக்கிழமை காலை 6 மணிக்கே கடைக்குப் போயிடுவேன், அப்பத்தான் முதல் வெட்டு. கட்டை கழுவி இருக்கும், கத்தியும் சுத்தமா இருக்கும். 11 மணிக்கு மேல போனா ஈ மொய்ச்ச கறிதான் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் தராசுல நிறுத்து ஏழு டப்பாவுல போட்டு, தேதி எழுதி ஃப்ரீசர்ல வச்சிடுவேன். ராத்திரி ஒரு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாத்துவேன். சமையல் மேடையில வச்சு உருக விடவே கூடாது, சென்னை வெயில்ல ஒரு மணி நேரம் போதும் கெட்டுப்போக. இருபது நிமிஷத்துல தின்னலைன்னா தட்டை எடுத்துடணும்.

அப்புறம் தினமும் கக்காவைப் பாருங்க. வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தா எலும்பு அதிகம், முக்கி முக்கிப் போவா. கறுப்பா இளகிப் போனா ஈரல் அதிகம். எனக்கு இதுதான் வாராவாரம் அளவு சொல்ற ஆசான்.

பாய் கொடுக்கிற அந்தக் கவரை மட்டும் தொடாதீங்க. அதுல சதை கிடையாது, தோலும் தலையும்தான்.


கோவை_ப்ரூனோ_அம்மா எழுதியது:

வைகைக்கரை, உங்க மனைவி சொன்ன அந்த ஒரு வரியைப் படிச்சதும் கை நடுங்கிருச்சு. எலும்பில்லாத கறி மட்டும் வேண்டாம்ங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

2019ல எங்க லாப்ரடார் குட்டிக்கு நான் அதைத்தான் பண்ணினேன். ரெண்டு மாசக் குட்டியா வந்தான். எலும்பில்லாத கோழி, கொஞ்சம் தயிர், கேரட். பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்ல கேட்டேன், 'நல்லாத்தானே சாப்பிடுறான், கொடுங்க'ன்னு சொன்னாங்க. ரோமம் பளபளன்னு இருந்துச்சு. பார்க்கிறவங்க எல்லாம் என்ன கொடுக்கறீங்கன்னு கேப்பாங்க.

நாலரை மாசத்துல படியேற மாட்டேன்னு உக்காந்துக்குவான். சோம்பேறின்னு நினைச்சேன். அப்புறம் முன்னங்கால் பாதம் விரிஞ்சு தட்டையாச்சு, மணிக்கட்டு தரையைத் தொடற மாதிரி நடந்தான். தூக்கினா கத்துவான். ஒரு நாள் சாயங்காலம் சோஃபாவுல இருந்து குதிச்சான். ஒன்றரை அடி உயரம்கூட இருக்காது. பின்னந்தொடை எலும்பு முறிஞ்சிருச்சு.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல பிடிச்சு டாக்டர் காமிச்சார். எலும்பு வெள்ளையா தெரியணும்ல? சுத்தி இருக்கிற சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசமே தெரியலை. புகை மாதிரி இருந்துச்சு. 'என்ன சாப்பாடு?'ன்னு அவர் கேட்ட முதல் கேள்வியிலயே எனக்குப் புரிஞ்சிருச்சு.

அவர் போட்டுக் காமிச்ச கணக்கு இது. 100 கிராம் கோழிச் சதையில பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கு. கால்சியம் 10 மில்லிகிராம் சொச்சம்தான். ஒண்ணுக்கு இருபது. குட்டிக்கு வேண்டியது பாஸ்பரஸை விடக் கால்சியம் கொஞ்சம் அதிகமா, 1.2க்கு 1 மாதிரி. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது. கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி வேலை செஞ்சு, எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்குக் கொடுக்கும். நான் கறியைக் கொட்டக் கொட்ட அவன் உடம்பு அவனோட எலும்பையே தின்னிருக்கு.

ரெண்டு மாசம் சின்னக் கூண்டுக்குள்ளயே படுத்திருந்தான். கறியை நிறுத்திட்டு, சமச்சீரா கணக்குப் பண்ணின குட்டித் தீனி மட்டும். எலும்பு சேர்ந்துச்சு. ஆனா வலது முன்னங்கால் இன்னிக்கும் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு. குளிர்காலத்துல காலையில நொண்டுவான். ஒவ்வொரு தடவையும் அந்தக் காலைத் தடவித்தான் எழுப்புறேன்.


வேளச்சேரி_கன்னி எழுதியது:

அக்கா, படிச்சு ரொம்ப வருத்தமா இருக்கு. அதனாலதான் எலும்புக் கணக்கை அவ்வளவு நீளமா எழுதினேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அங்க தப்பு பச்சையா கொடுத்ததுல இல்லை, எலும்பில்லாம கொடுத்ததுலதான். வேகவச்சுக் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

வேகவச்சா என்சைம் எல்லாம் போயிடும்னும், பல் சுத்தமா இருக்க பச்சை எலும்பு வேணும்னும் நான் நம்பறேன். எங்க கன்னிக்குப் பல்லுல காறை கிடையாது.


ஓய்வுபெற்ற_ஆய்வாளர் எழுதியது:

வணக்கம். கால்நடைத் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆட்டு நுரையீரல், ஈரல் என்று கேள்வியில் படித்ததால் எழுதுகிறேன்.

ஆட்டை அறுத்துத் தொங்கவிட்டு உள்ளுறுப்பை எடுக்கும்போது சில நுரையீரல்களில் வெள்ளையாக ஒரு கொப்புளம் தெரியும். எலுமிச்சம்பழ அளவில் இருக்கும், சில சமயம் அதைவிடப் பெரிது. விரலால் அழுத்தினால் தண்ணீர்ப் பை போல அமுங்கும். கத்தி பட்டால் தெளிந்த நீர் பீய்ச்சி அடிக்கும். அதுதான் நீர்க்கட்டி, ஹைடாடிட். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் அதற்குள் இருக்கிறது. விற்க முடியாத அந்த நுரையீரலை வெட்டுபவர் வாசலில் காத்திருக்கும் நாய்களுக்கு எறிவார். எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், குழி தோண்டிப் புதையுங்கள் என்று!

அதைத் தின்ற நாயின் குடலில் அது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத புழுவாக வளர்கிறது. நாய்க்கு ஒன்றும் தெரியாது, நன்றாக ஓடியாடும். மலத்தில் முட்டை வரும். அந்த முட்டை மண்ணிலும் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையை வாயில் வைத்தால் போதும், மனிதருடைய ஈரலில், நுரையீரலில் அதே நீர்க்கட்டி வளரும். பல வருடங்கள் வெளியே தெரியாது. தெரியும்போது அறுவை சிகிச்சை வரை போகும். தம்பி, உங்கள் மகள் மூன்று வயதுக் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சாதாரணமாகக் குட்டிகளுக்குக் கொடுக்கும் எல்லாப் பூச்சி மருந்தும் இதைக் கொல்லாது. பிராசிகுவான்டெல் இருக்கும் மருந்துதான் வேண்டும். ஆடு, மாடு உள்ளுறுப்பு எதுவானாலும் நடுப்பகுதி வரை நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.


நெல்லை_சிப்பிப்பாறை எழுதியது:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

ஓநாய் வம்சம்னு சொல்றதைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க தாத்தா காலத்துல சிப்பிப்பாறை நாய்க்குக் கம்பங்கூழும் மோரும்தான் சாப்பாடு. வேட்டைக்குப் போன அன்னிக்கு முயல்ல ஒரு பங்கு. அந்த நாய் முயலை விரட்டிப் பிடிச்சிருக்கு. 2013ல நாயோட மரபணுவை ஓநாயோடது கூட ஒப்பிட்டு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸுக்கான மரபணு ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான், நாய்க்குப் பல மடங்கு இருக்குன்னு அதுல கண்டுபிடிச்சாங்க. மனுஷன் களத்துமேட்டுல கூடவே கிடந்து தின்னு தின்னு மாறின ஜீவன் அது. வேகவச்ச சோறு அதுக்கு அந்நியம் இல்லை.

அதுக்காகக் கூழ் மட்டும் போதும்னு சொல்ல வரலை. தாத்தா வீட்ல ஒரு ஈத்துக்கு ஏழு எட்டுக் குட்டி பிறக்கும். பாதிகூட மிஞ்சாது. மிஞ்சினதைப் பத்தி மட்டும்தான் நாம கதை சொல்றோம்.


நாமக்கல்_மாணவி எழுதியது:

கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறேன். நான் பாக்கெட் தீனிக்கு ஆள் இல்லைங்க, எங்க வீட்லயும் நாய்க்குச் சமைச்சுத்தான் போடுவாங்க. ஆனா இந்த இழையில சில விஷயம் சேர்க்கணும்.

முதல்ல என்சைம். நாயோட கணையம் தனக்கு வேண்டிய செரிமான என்சைமைத் தானே சுரக்குது. கறியில இருக்கிறது வயித்து அமிலத்துலயே பெரும்பாலும் சிதைஞ்சிடும். வேகவச்சா நிஜமா குறையறது தயாமின், டாரின் மாதிரி சில சத்துதான். அதுலயும் ஒரு பகுதி வெந்த தண்ணியில இறங்குது. அதனால வெந்த தண்ணியைக் கொட்டாம சேர்த்து ஊத்துங்க.

அடுத்தது கோழிக் கழுத்து. 2018ல மெல்போர்ன் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. திடீர்னு பின்னங்கால் தளர்ந்து, அப்புறம் முன்னங்கால், சில நாய்களுக்கு மூச்சு விடற தசை வரைக்கும் செயலிழக்கிற ஒரு நரம்பு நோய் இருக்கு. மனுஷங்களுக்கு வர்ற கீலன் பாரே மாதிரி. பச்சைக் கோழி தின்ற நாய்களுக்கு அது வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம்னு அந்த ஆய்வு காட்டுச்சு. கோழியில இருக்கிற கேம்பைலோபேக்டர் கிருமிதான் காரணம்னு கருதறாங்க. எல்லா நாய்க்கும் வரும்னு அர்த்தம் இல்லை. அபூர்வ நோய்தான். ஆனா வந்த நாயை வச்சுக்கிட்டு வாரக்கணக்குல வீட்ல புரட்டிப் படுக்க வைக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்.

ஃப்ரீசரை ரொம்ப நம்பாதீங்க. மைனஸ் 18, 20 டிகிரியில பல நாள் வச்சா சில ஒட்டுண்ணி சாகும். சால்மோனெல்லா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். லிஸ்டீரியா கீழ்த்தட்டுக் குளிர்லயும் வளரும். ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ்ல ஐஸ் கட்டி உறையுதுன்னா மைனஸ் 18 வந்திடுச்சுன்னு நினைக்கக் கூடாது, அதுவும் கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல. பச்சைக் கறி தின்ற நாய் நல்லாவே இருக்கும், ஆனா அதோட மலத்துலயும் எச்சில்லயும் கிருமி வெளிய வரும். அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணி, கீமோ எடுக்கிறவங்க இருக்கிற வீட்ல பச்சைக் கறி வேண்டாம்னுதான் நாங்க சொல்லுவோம். வைகைக்கரை அண்ணா வீட்ல ரெண்டு பேர் அந்தக் கணக்குல வர்றாங்க.

பூனையும் வளர்க்கிறவங்க இன்னும் கவனமா இருங்க. பச்சைக் கோழி வழியா வரக்கூடிய பறவைக் காய்ச்சல் பூனை இனத்தை ரொம்பக் கடுமையா தாக்கும். 2024 டிசம்பர்ல நாக்பூர்ல கோரேவாடா மீட்பு மையத்துல மூணு புலியும் ஒரு சிறுத்தையும் அதுலதான் செத்துச்சு.

ரொம்ப முக்கியமானது, முத்து ஒரு பெரிய இனக் குட்டி. அவனுக்குக் கால்சியம் குறைஞ்சா ப்ரூனோவுக்கு ஆனது ஆகும். கூடினாலும் ஆபத்துதான். குட்டிகளுக்கு மிஞ்சின கால்சியத்தை உள்ள விடாம தடுக்கிற திறமை இன்னும் வந்திருக்காது, எலும்பு வளர்ச்சி கோணிப்போகும். அதனால கால்சியம் மாத்திரை, சிரப்னு கடையில கேட்டுத் தாராளமா ஊத்தக் கூடாது. சரியான குட்டித் தீனி கூட கால்சியம் டானிக்கும் கொடுத்துக் கெடுக்கிற வீடுகள்தான் நிறைய.

முட்டை ஓட்டுப் பொடி நல்லதுதான், ஒரு தேக்கரண்டியில சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும். ஆனா அதுல பாஸ்பரஸ் கிடையாது. வளர்ந்த நாய்க்குச் சதையில வர்ற பாஸ்பரஸே போதும். வளர்ற குட்டிக்கு ரெண்டுமே கூடுதலா வேணும், எலும்புல ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு. அதுக்கு டைகால்சியம் பாஸ்பேட் மாதிரி ஏதாவது டாக்டர் எடை போட்டுத் தருவார்.


வேளச்சேரி_கன்னி எழுதியது:

தங்கச்சி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மெல்போர்ன் ஆய்வு பத்தி எனக்குத் தெரியாது. ஆட்டுச் சுவரொட்டியும் கிட்னியும் மூணு வருஷமா பச்சையாவே கொடுத்திருக்கேன். இன்னிக்குச் சாயங்காலமே கூட்டிட்டுப் போய்ப் பூச்சி மருந்து போட்டுட்டு வந்துட்டேன். பிராசிகுவான்டெல் இருக்கான்னு அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஐயாவுக்கு நன்றி. இனி உள்ளுறுப்பு எல்லாம் வேகவச்சுத்தான்.

எங்க வீட்ல நானும் மனைவியும் மட்டும்தான். வளர்ந்த நாய். சதையை மட்டும் பச்சையா தொடரலாம்னு இப்பவும் நினைக்கிறேன், ஆனா மாட்டுக்கறியா. அதுக்கு முன்னாடி நான் கொடுக்கிற அளவை ஒரு டாக்டர்கிட்ட எழுதிக் காட்டணும். துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் இதுல எவ்வளவு இருக்குன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியலை.


நாமக்கல்_மாணவி எழுதியது:

அண்ணா, அந்தக் கேள்வி ரொம்பச் சரி. 2013ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல 200 வீட்டு நாய்ச் சமையல் குறிப்பைச் சோதிச்சாங்க. வளர்ந்த நாய்க்கு வேண்டிய எல்லாச் சத்தும் இருந்தது 9 குறிப்புலதான். அந்த 200ல கால்நடை மருத்துவர்கள் எழுதின குறிப்பும் இருந்துச்சு. துத்தநாகம், வைட்டமின் டி, ஈ எல்லாம்தான் அதிகமா விடுபட்டது. பச்சையோ வேகவச்சதோ, வீட்ல கொடுக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.


கோவை_ப்ரூனோ_அம்மா எழுதியது:

இப்ப ப்ரூனோவுக்கு நான் செய்யற முறையைச் சொல்றேன், பச்சையும் வேண்டாம் எலும்பும் வேணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்.

கோழிக் கழுத்தை எலும்போட குக்கர்ல போட்டு, மூழ்கிற அளவு தண்ணி, ஒரு கரண்டி வினிகர். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும். விசில் வந்ததும் தீயைக் குறைச்சு ஒரு மணி நேரம். ஆறினதும் ஒவ்வொரு எலும்பையும் விரலுக்கு நடுவுல வச்சு நசுக்குவேன். வெந்த கடலை மாதிரி மாவா நசுங்கணும். நசுங்காத ஒரு துண்டு இருந்தாலும் மறுபடி குக்கர்தான். அரைகுறையா வெந்த எலும்புதான் ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். எல்லாம் நசுங்கினதும் கையாலயே மசிச்சு, அந்தத் தண்ணியோட சோறும் பூசணிக்காயும் சேர்த்துப் பிசைஞ்சிடுவேன்.

ஆட்டு எலும்புல இதைப் பண்ணாதீங்க. எவ்வளவு நேரம் வச்சாலும் நசுங்காது. நல்லி எலும்பைப் பச்சையா கடிக்கக் கொடுக்கிறதும் வேண்டாம், மேல்தாடைக் கடைவாய்ப் பல் சில்லாத் தெறிச்ச நாய் எங்க தெருவுலயே ஒண்ணு இருக்கு.

இந்த அளவெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தது. மேல சத்துப் பொடியும் சேர்க்கறேன். ஆறு வயசு நாய்க்கான கணக்கு இது, முத்துவுக்கு அப்படியே எடுத்துக்காதீங்க.


வைகைக்கரை எழுதியது:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். உங்க எல்லார் பதிலையும் அச்சடிச்சு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பச்சைக் கறி இந்த வீட்ல வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், அவங்க பேத்தியைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை.

காலையும் ராத்திரியும் பெரிய இனக் குட்டிகளுக்கான தீனி. வெதுவெதுப்பான கோழி வெந்த தண்ணியை மேல ஊத்தினா வாசனைக்கே ஓடி வர்றான், தட்டை நக்கி வச்சிடறான். மத்தியானம் கொஞ்சமா வேகவச்ச கோழி, ஒரு நாளைச் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவரைக்கும்னா தனியா கால்சியம் சேர்க்க வேண்டியதில்லையாம். ஒண்ணரை வயசுக்கு மேல முழுக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு மாத்தலாம், அப்ப அளவு போட்டுத் தர்றேன்னு சொன்னார். வீட்ல ஏற்கெனவே ஒரு கால்சியம் சிரப் வாங்கி வச்சிருந்தோம். அதை அவரே எடுத்து ஓரமா வச்சிட்டார்.

முன்னங்காலைப் பிடிச்சு, விரிச்சு, நடக்க விட்டுப் பார்த்தார். நேரா இருக்கு. எடை 14 கிலோ 200 கிராம்.

கோவை அக்கா, ப்ரூனோ கால் இப்ப எப்படி இருக்கு?


கோவை_ப்ரூனோ_அம்மா எழுதியது:

நல்லா இருக்கான் தம்பி. இன்னிக்குக் காலையில வெயில் வந்தப்புறம்தான் எழுந்தான், அப்புறம் கேட் வரைக்கும் நொண்டாம நடந்தான். முத்து வளர வளர மாசம் ஒரு தடவை எடையை இங்க எழுதுங்க.